காகித நட்சத்திரத்தின் கதை



அரையாண்டு விடுமுறை வருகிறது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம், வண்ணத் தோரணம் என்று பிள்ளைகள் கத்தரியும் பசையுமாக உட்காருவார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது.

ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஃபுரோபெல் என்ற கல்வியாளர், 1837-ல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-ல் அதற்கு 'கிண்டர்கார்டன்' என்று பெயர் சூட்டினார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அங்கே பாடப் புத்தகத்தைவிடக் கைவேலைக்கே முதலிடம். காகிதம் மடிப்பது, காகிதப் பட்டைகளைப் பாய் போலப் பின்னுவது, அட்டையில் துளையிட்டு நூல் கோப்பது, களிமண் பிசைவது எல்லாம் உண்டு.

1851-ல் பிரஷ்ய அரசு, நாத்திகத்தை வளர்ப்பதாகச் சொல்லி கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. மறு வருடமே ஃபுரோபெல் காலமானார். தடை நீங்கியது 1860-ல்தான். ஆனால் அதற்குள் அவருடைய மாணவிகள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இந்தக் கைவேலைகளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான்கு காகிதப் பட்டைகளை மடித்துச் செய்யும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை ஜெர்மானியர்கள் இன்றும் 'ஃபுரோபெல் நட்சத்திரம்' என்றே அழைக்கிறார்கள். பக்கத்து நாடான டென்மார்க்கில் சிவப்பும் வெள்ளையுமாகக் காகித இதயங்களைப் பின்னி, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்கள். இப்போது கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது, கதாசிரியர் ஆண்டர்சன் 1860-ல் செய்தது.

இவற்றின் பயன் என்ன? பட்டையை மேலும் கீழுமாக நுழைக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யப் பழகுகின்றன. பென்சில் பிடிக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் அதே பழக்கம்தான் வேண்டும். கைப்பேசித் திரையைத் தடவுவதால் அது வராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நான்கு வயதுக் குழந்தைக்குக் காகிதம் கிழித்து ஒட்டுவதே போதும். ஐந்து, ஆறு வயதில் பட்டை பின்னலாம். முனை மழுங்கிய கத்தரி கொடுத்துப் பக்கத்திலேயே இருங்கள். ஆனால் வேலையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். பரிசுப் போட்டி என்று வைத்தால் பெற்றோரின் கைவண்ணம்தான் மேடை ஏறும். இந்த முறை போட்டி வேண்டாம். பிள்ளைகள் செய்த கோணல் நட்சத்திரங்களையே நம் வரவேற்பறையில் தொங்கவிடுவோம்.