புதுத்தண்ணியும் ஏறுமீனும்

எங்க சேலம், நாமக்கல் பக்கம் மீனுக்கு ரெண்டு மழைங்க. ஆடியில குடகு மலையில பெய்யற மழை காவிரிக்கு. ஐப்பசி, கார்த்திகையில எங்க ஊர்லயே பெய்யற மழை ஏரிக்கு.

மழை பேஞ்சு செந்தண்ணி வந்ததும் சினை மீனுங்க அதை எதிர்த்து ஏறும். மேட்டுப்பக்கம் ஆழமில்லாத இடமாப் பார்த்து முட்டை விடத்தான் அந்த ஓட்டம். கெண்டையும் கெளுத்தியும் ஓடை வழியா வயல் வரைக்கும் வந்துரும்.

காவிரியில இந்தக் கணக்கை மாத்தினது மேட்டூர் அணை. 1925-ல ஆரம்பிச்சு 1934-ல கட்டி முடிச்சாங்க. அதுக்கு முன்னாடி குடகு வெள்ளம் கடலுக்குப் போகும். அந்த வெள்ளத்தை எதிர்த்து வங்கக் கடல்ல இருந்து உள்ளம் மீன் ஆத்துக்குள்ள ஏறும். வங்காளத்துல இலிஷ்னு கொண்டாடறாங்களே, அதே மீன்தான். அணை வந்து 120 அடிக்குத் தண்ணியைத் தேக்கினதும் கீழே வெள்ளம் அடங்குச்சு, உள்ளமும் குறைஞ்சு போச்சு.

இன்னைக்கு மேட்டூர்ல பரிசல்காரங்க பிடிக்கிற கட்லா, ரோகு, மிர்கால் எதுவும் காவிரியோட சொந்த மீன் இல்லீங்க. வடக்கத்தி ஆத்து மீன். குஞ்சு வாங்கி விட்டு வளர்த்தது. மழை பொய்ச்சா அதுக்குத் தண்ணி இல்ல. அணை நிரம்பி உபரித்தண்ணி திறந்தா, கீழே ஆத்துல வலை போட இறங்க முடியாது.

அணையால உள்ளம் போச்சு, ஆனா டெல்டாவுல நெல்லு விளைஞ்சுது. ஏரிக்கு வர்ற ஓடையை மூடி வீட்டுமனை போடறோமே, அதுல என்ன விளையப் போகுது? வழியை அடைச்சுட்டா எவ்வளவு மழை பேஞ்சாலும் மீன் எதுல ஏறும்?