தீயணைப்பு வீரர் முகமூடியை எப்போது மாட்ட வேண்டும்? - ஒரு சிறு வரலாறு

சென்னிமலை என்றதும் நினைவுக்கு வருவது இரண்டு. மலைமேல் முருகன் கோயில், மலையடிவாரத்தில் தறிச் சத்தம். பெட்ஷீட், போர்வை, தலையணை உறை என்று இங்கே நெய்தவை பல ஊர்களுக்குப் போகின்றன. இங்கிருந்து ஈரோடு, பெருந்துறை, திருப்பூர் என்று எந்தப் பக்கம் போனாலும் நூல் குடோன், பஞ்சு குடோன், பனியன் வேஸ்ட் குடோன் ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

பஞ்சில் பிடிக்கும் தீக்கு ஒரு குணம் உண்டு. மேலே எரிவது அடங்கிய பிறகும், இறுக்கிக் கட்டிய பேலுக்கு உள்ளே கனிந்துகொண்டே இருக்கும். பீய்ச்சும் தண்ணீர் அவ்வளவு சுலபமாக உள்ளே இறங்காது. அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் நின்று பேல்களை இழுத்துப் பிரித்து நனைக்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் அவர்கள் சுவாசிப்பது என்ன?

இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி வருகிறது. வீரர் முகமூடியை எப்போது மாட்ட வேண்டும்? எப்போது கழற்றலாம்? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குச் சரியான விடை கிடைக்க சுமார் இருநூறு ஆண்டுகளும் பல உயிர்களும் ஆயின.

புகை என்ன செய்யும்?

தீ விபத்துகளில் பலர் தீயில் வெந்து இறப்பதில்லை, புகையில் மூச்சு முட்டி இறக்கிறார்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் இறந்தது இப்படித்தான். தீ கீழே கார் நிறுத்தும் இடத்தில் எரிந்தது, இறந்தவர்கள் இருந்ததோ மேலே பால்கனியில்!

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் இது 1.28 சதவீதம் இருந்தாலே இரண்டு மூன்று மூச்சில் நினைவு தப்பிவிடும். "கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, புகை அதிகமாக இருந்தால் மாட்டிக்கொள்ளலாம்" என்று நினைத்தவருக்கு மாட்ட நேரம் இருக்காது.

ஈரத் தாடியும் ஈரப் பஞ்சும்

அந்தக் காலத்து மேலை நாட்டுத் தீயணைப்பு வீரர்கள் நீளமாகத் தாடி வளர்த்து, அதைத் தண்ணீரில் நனைத்து வாயில் கவ்விக்கொண்டு புகைக்குள் போனார்கள் என்று ஒரு கதை உண்டு. புகையைத் தாங்குவதே வீரம் என்று எண்ணிய காலம் அது. அமெரிக்காவில் அவர்களுக்குப் "புகை தின்னிகள்" என்றே பட்டப்பெயர் இருந்தது.

1820களில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ராபர்ட்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளி தோலால் ஒரு தலைமூடி செய்தார். அதிலிருந்து ஒரு குழாய் கால்வரை தொங்கும். தரையை ஒட்டிய காற்றில் புகை குறைவு என்பதை அவர் கவனித்திருந்தார். புகை சூழ்ந்த இடத்தில் தவழ்ந்து போகவேண்டும் என்று இன்றும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

1871ல் ஜான் டின்டால் என்ற இயற்பியல் விஞ்ஞானி, லண்டன் தீயணைப்புப் படையின் கேப்டன் ஷாவோடு சேர்ந்து ஒரு வடிகட்டி முகமூடியை உருவாக்கினார். கிளிசரினில் நனைத்த பஞ்சு, மரக்கரி, சுண்ணாம்பு ஆகியவைதான் அதில் இருந்தவை. பஞ்சு புகைத் துகள்களைப் பிடித்தது. கண் எரிச்சல், இருமல் எல்லாம் குறைந்தன. ஆனால் கார்பன் மோனாக்சைடு தங்குதடையில்லாமல் உள்ளே வந்தது. ஆபத்து அப்படியே இருக்க, ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும் இருமல் மட்டும் நின்றுபோனது! இன்றும் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு எரியும் குடோனுக்குள் ஓடுபவருக்கு இதே கதிதான்.

மாட்டிவிட்டு நுழைந்தவர்கள்

1916 ஜூலையில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில், ஈரி ஏரிக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் வாயு வெடித்தது. காப்பாற்றப் பாதுகாப்பில்லாமல் இறங்கியவர்களில் பலரும் இறந்தார்கள். பிறகு காரெட் மோர்கன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளரை வரவழைத்தார்கள். 1914ல் காப்புரிமை பெற்ற தன் தலைமூடியை மாட்டிக்கொண்டு, தன் சகோதரரோடு உள்ளே இறங்கிச் சிலரை உயிரோடு தூக்கி வந்தார் மோர்கன். முன்னால் போனவர்களுக்குத் தைரியம் குறைவில்லை. வாசலிலேயே மாட்டிக்கொள்ள அவர்களிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

வெளிக்காற்றை வடிகட்டுவதை விட்டு, சுத்தமான காற்றை முதுகிலேயே சுமந்து போகும் முறை அடுத்து வந்தது. விமானிகளுக்கான மூச்சுக்கருவிகளைச் செய்துவந்த ஸ்காட் நிறுவனம் 1945ல் "ஏர்-பேக்" என்ற சிலிண்டர் கருவியைத் தீயணைப்பு வீரர்களுக்காகக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர் வீரர்கள் "பி.ஏ. செட்" என்று சொல்லும் கருவி இந்த வகையைச் சேர்ந்ததே.

காற்று தீர்ந்தால்?

சிலிண்டர் வந்ததும் புதுப் பிரச்சினையும் கூடவே வந்தது. 1958 ஜனவரி 23 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையின் நிலவறையில் தீப்பிடித்தது. உள்ளே வழி புரியாத பாதைகள், கண் தெரியாத புகை. கருவி மாட்டிக்கொண்டு போன இரண்டு வீரர்கள் திரும்ப வழி கிடைக்காமல், ஆக்சிஜன் தீர்ந்து இறந்தார்கள். உள்ளே போனவர் யார், எத்தனை மணிக்குப் போனார், எப்போது வெளியே வரவேண்டும் என்று வாசலில் கணக்கு வைக்கும் முறை அப்போது ஒழுங்காக இல்லை. அதன் பிறகுதான் ஒவ்வொரு வீரரும் தன் பெயர் வில்லையை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போவதும், பலகையில் நேரம் குறிப்பதும் பிரிட்டனில் கட்டாய நடைமுறையானது.

கணக்கு எளிமையானது. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் சுமார் 1800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் சுவாசித்தால் 45 நிமிடம் வரும். மூச்சு வாங்க உழைத்து 60 லிட்டர் இழுத்தால் 30 நிமிடம்தான். அழுத்தம் சுமார் 55 பாருக்கு இறங்கும்போது விசில் அடிக்கும். அந்த மிச்சத்தை வெளியே வருவதற்கென்று வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே வண்டியிலிருந்து இறங்கும்போதே காற்றைத் திறந்துவிட்டால் வீண். புகைக்குள் போன பிறகு திறப்பதோ ஆபத்து. சிலிண்டரை முன்பே முதுகில் மாட்டிக்கொண்டு, வாசலில், நல்ல காற்று இருக்கும் இடத்திலேயே முகமூடியை இறுக்கி, காற்றைத் திறந்து, கசிவு பார்த்துவிட்டு உள்ளே போகவேண்டும். இதுதான் கேள்வியின் முதல் பாதிக்கு விடை.

பழைய கருவிகளின் எடையும் ஒரு தடையாக இருந்தது. கனமான கருவி என்றால் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றுவது இயற்கைதானே? 1971ல் அமெரிக்காவின் நாசா இதைக் கையில் எடுத்தது. ராக்கெட் தொழில்நுட்பத்தில் செய்த லேசான சிலிண்டர்களால் கருவியின் எடை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

தி.நகர் 2017

2017 மே 31 அதிகாலை, சென்னை தி.நகரில் உள்ள சென்னை சில்க்ஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. மேலே இருந்த ஊழியர்களை வீரர்கள் பத்திரமாக இறக்கினார்கள். ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் துணி. வெளியேற வழியில்லாமல் புகை கட்டடம் முழுவதும் நிறைந்துவிட்டது. வீரர்களால் தீயின் மூலத்தை நெருங்க முடியவில்லை. சுவரில் துளை போட்டுத் தண்ணீர் அடித்தார்கள். மறுநாள் ஜூன் 1 அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

முகமூடி இருந்தால் மட்டும் எங்கும் போய்விட முடியாது என்பதை இந்த விபத்து காட்டியது. அரை மணி நேரக் காற்றோடு, புகை வெளியேற வழியில்லாத நிலவறைக்குள் போய்த் திரும்புவது எவ்வளவு கடினம் என்பது 1958ல் லண்டன் கண்ட பாடம்தான்.

எப்போது கழற்றலாம்?

கேள்வியின் மறுபாதி இது. தீ அணைந்ததும் வீரர்கள் களைத்துப்போய் இருப்பார்கள். வியர்வை கொட்டும். முதலில் கழற்றத் தோன்றுவது முகமூடியைத்தான். ஆனால் கனியும் பஞ்சிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அக்ரிலிக் நூல், நைலான், மெத்தை நுரை எரிந்திருந்தால் ஹைட்ரஜன் சயனைடும் வரும். கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதால் காற்று சுத்தமாகிவிடாது. வாயு அளக்கும் மீட்டர் சொன்ன பிறகே கழற்ற வேண்டும்.

இதன் விளைவு அன்றே தெரியாமல் போகலாம், பல ஆண்டுகள் கழித்தும் தெரியலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2022ல் தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது.

நாம் செய்யக்கூடியது

தறிக்கூடமோ குடோனோ எரிந்தால் 101க்கு அழைக்கும்போதே என்ன எரிகிறது என்று சொல்லவேண்டும். பஞ்சா, செயற்கை நூலா, சாயமா? நிலவறை உண்டா? உள்ளே யாராவது இருக்கிறார்களா? வண்டி வந்ததும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று காட்டவேண்டும். இந்த விவரங்கள் கிடைத்தால் வீரர் தன் முப்பது நிமிடக் காற்றை வழி தேடிச் செலவழிக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று. வாசலில் ஒரு வீரர் நின்று முகமூடியின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தால், கூட்டத்தில் யாராவது "உள்ளே எரியுது, இங்க நின்னு என்னங்க பண்றீங்க?" என்று கத்துவது உண்டு. அந்த ஒரு நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள் நண்பர்களே. அது இல்லாமல் உள்ளே போனால் அவரையும் தேடி இன்னொருவர் போகவேண்டி வரும்.