இன்ஜெக்‌ஷன் மோல்டிங்: கணினிவழி உருவகப்படுத்தல்

உருகிய பிளாஸ்டிக் டை எனும் எஃகு அச்சுக்குள் எந்த வழியாகப் பாயும், எங்கே முதலில் இறுகும், ஆறியபின் எவ்வளவு சுருங்கும், எந்தப் பக்கம் வளையும் என்பவற்றை, எஃகு வெட்டும் முன்பே கணக்கிட்டுத் திரையில் வண்ணப் படமாகக் காட்டும் முறை. பொங்கலூர், பல்லடம் வட்டாரத்து நூற்பாலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் புழங்கும் பிளாஸ்டிக் கோன், ஹேங்கர் போன்றவை இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் உருவாகின்றவையே.

முன்பு கைப்பழக்கமே கணக்காக இருந்தது. டையை மெஷினில் ஏற்றி, ஷாட் அடித்து, அதாவது ஒருமுறை பிளாஸ்டிக்கைச் செலுத்திப் பார்த்து, நிரம்பாத மூலைக்காகக் கேட்டை, அதாவது பிளாஸ்டிக் நுழையும் வாயை, அகலப்படுத்துவார்கள். எஃகைச் சீவிவிடலாம், அதிகம் சீவிவிட்டால் வெல்டிங் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். செலவும் நாளும் போனது அங்கேதான்.

கணக்கிடுவதும் எளிதல்ல. உருகிய பிளாஸ்டிக், வேகமாகத் தள்ளத் தள்ள இளகும். குளிர்ந்த சுவரைத் தொட்ட இடத்தில் தோல் கட்டும். பாய்வையும் வெப்பத்தையும் சேர்த்தே தீர்க்க வேண்டும்.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கே. கே. வாங் 1974-ல் இதற்கான ஆய்வைத் தொடங்கினார். 1978-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் காலின் ஆஸ்டின் மோல்டுஃப்ளோ நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொடக்ககால முறை, பொருளைத் தட்டையாக விரித்து, பாயும் பாதைகளைப் பட்டைகளாகப் பிரித்துக் கணக்கிட்டது. பெரிய திருப்பம் 1980-ல் கோர்னெலின் ஹீபரும் ஷென்னும் வெளியிட்ட கட்டுரை. இரு தகடுகளுக்கிடையே ஓடும் திரவம் பற்றி ஆங்கிலேயப் பொறியாளர் ஹீலி-ஷா 1898-ல் ஆராய்ந்ததை மெல்லிய பிளாஸ்டிக் சுவருக்குப் பொருத்தி, பரப்பையும் தடிமனையும் தனித்தனி முறைகளில் கணக்கிட்டார்கள். அன்றைய கணினிகளுக்கு எட்டிய கணக்கு அது. இத்துறையின் அடித்தளமும் அதுவே. கோர்னெல் ஆய்விலிருந்து பிறந்த சி-மோல்டு மென்பொருளை மோல்டுஃப்ளோ 2000-ல் வாங்கியது. 2008-ல் மோல்டுஃப்ளோவை ஆட்டோடெஸ்க் வாங்கியது. தடிமனான பொருள்களுக்கு முப்பரிமாணக் கணிப்பு பின்னர் வந்தது.

இந்தியாவில் 1968-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய அரசு நிறுவனமான சிப்பெட், பிளாஸ்டிக் தொழிலுக்கும் டை வடிவமைப்புக்கும் ஆள்களைப் பயிற்றுவித்தது. பொருள் உருவகப்படுத்தலுக்கென்றே அது சென்னையில் ஓர் ஆராய்ச்சிப் பள்ளியையும் நடத்துகிறது.

சிறு பட்டறைக்கு உருவகப்படுத்தலின் பெரும்பயன் வெல்டு லைனை முன்கூட்டியே காண்பது. துளையைச் சுற்றிப் பிரிந்து ஓடிய இரு முனைகள் சேரும் அந்தக் கோடு, பொருளின் பலவீனமான இடம். ஹேங்கரில் பாரம் தாங்கும் கழுத்தில் அது விழுந்தால் அங்கேயே முறியும். கேட்டைத் திரையில் நகர்த்திப் பார்த்துக் கோட்டை வேறிடத்துக்குத் தள்ளலாம்.

வண்ணப் படத்தை மட்டும் நம்பக் கூடாது. பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 0.5 விழுக்காடு சுருங்கும். பாலிபுரோப்பிலீன் 1 முதல் 2 விழுக்காடு வரை சுருங்கும். கணக்கில் கொடுத்த கிரேடு ஒன்று, மெஷினில் கொட்டியது மறுசுழற்சிக் குருணை கலந்த வேறொன்று என்றால், திரையில் வந்த சுருக்கமும் அழுத்தமும் அந்த டைக்குப் பொருந்தா.