கை போனவர் வேலைக்குப் போனால் உதவி நிற்குமா?

ஆலை இயந்திரத்தில் விரல்களைப் பறிகொடுத்த ஒரு தொழிலாளி, காயம் ஆறியபின் மறுபடி வேலைக்குப் போகிறார். அவருக்கு வருகிற இ.எஸ்.ஐ. ஊன உதவித்தொகை நின்றுவிடுமா? நம் தோழர்களிலேயே பலர் நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறார்கள். மேஸ்திரிகளும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காமலே வேலைக்குத் திரும்பியவர்கள் அதைவிட அதிகம். சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லாததற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொடங்குகிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையைப் படித்தால் கசாப்புக் கடை விலைப்பட்டியல் போலத்தான் இருக்கும். முழங்காலுக்கு மேல் கால் போனால் 60 சதவீதம், ஒரு கண் போனால் 30, கட்டைவிரல் போனால் 25. வலது கைக்கு ஒரு விலை, இடது கைக்கு அதைவிடக் குறைந்த விலை. ஆனால் எதில் இத்தனை சதவீதம் என்பதைக் கவனியுங்கள்: சம்பாதிக்கும் திறனில். 'இவன் இனி சும்மா இருக்கப் போகிறான், பாவம்' என்று இரங்கிக் கொடுக்கிற பிச்சை அல்ல அது. முதலாளியின் வேலையில் அவன் உடம்பிலிருந்து போனதற்கான கடன். கடனை வாங்கியவன் அடுத்த நாள் வேலைக்குப் போகிறானா என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? ஒரே குறை, பணம் மொத்தமாக ஒருமுறை வரும். வட்டிக்காரன் வாசலில் நிற்கிற வீட்டில் மொத்தப் பணம் எத்தனை நாள் தங்கும்?

1942 ஜூலையில் பாபாசாகேப் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவர் அந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான், 1943 மார்ச்சில், தொழிலாளர் நலக் காப்பீட்டுத் திட்டம் வகுக்கும் பணி பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944-ல் அறிக்கை வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள் மாரிஸ் ஸ்டாக், ரகுநாத ராவ் இருவரும் அதைப் பார்த்து, நோய்க்காப்பீட்டோடு மகப்பேறு உதவியையும் விபத்து இழப்பீட்டையும் ஒன்றாக இணைக்கச் சொன்னார்கள். 1948-ல் அது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமாக நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் ஜெகஜீவன் ராம். தலித்துகளான இரண்டு தலைவர்களின் கைகளைக் கடந்து வந்த சட்டம் இது. பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை.

இனி அந்தச் சட்டம் வகுத்த முறை. ஊன உதவி இரண்டு வகை. காயம் ஆறுகிற வரைக்கும் கொடுப்பது தற்காலிக உதவி. கூலி வாங்குகிற நாளுக்கு அது கிடையாது. 63-ஆம் பிரிவு அதைத் தெளிவாகத் தடுத்தது. குழப்பம் பிறந்த இடமும் இதுதான். அந்தத் தடை நிரந்தர ஊனத்துக்கு வைக்கப்படவில்லை. காயம் ஆறியபின் மெடிக்கல் போர்டு இத்தனை சதவீதம் என்று நிர்ணயித்துவிட்டால், அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். அதே ஆலைக்குப் போனாலும் வேறு வேலைக்குப் போனாலும் கூலி தனி, உதவி தனி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவரின் நாள் கூலி 600 ரூபாய் என்றால், முழு ஊனத்துக்கான உதவி அதில் 90 சதவீதம், 540 ரூபாய். அவருக்குப் போர்டு 30 சதவீதம் நிர்ணயித்தால் நாளொன்றுக்கு 162 ரூபாய். 1923 சட்டம் மொத்தமாகக் கொடுத்துக் கைகழுவியதை 1948 சட்டம் மாதாந்திர உரிமையாக்கியது.

ஆனால் கணக்கின் முதல் எண் கூலி. சாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அதார்க்கர் தன் திட்டத்தை ஜவுளி, பொறியியல், கனிமம்-உலோகம் ஆகிய தொழில்களுக்கு என்றுதான் முதலில் வகுத்தார். பம்பாய் ஜவுளி ஆலைகளில் நல்ல கூலி கிடைத்தது நெசவுப் பிரிவில். அறுந்த நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் படும் என்று சொல்லித் தீண்டப்படாதவர்களை அங்கே விடவில்லை. 1920-களின் கடைசியில் நடந்த வேலைநிறுத்தங்களின்போதே அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் எழுப்பினார். குறைந்த கூலிப் பிரிவில் கட்டைவிரலை இழந்தவனின் கட்டைவிரலுக்குச் சட்டப்படியே விலை குறைவு. சதவீதம் ஒன்றுதான், தொகை வேறு.

ஆலைக்கு வெளியே நின்றவர்களுக்கு அதுவும் இல்லை. இ.எஸ்.ஐ. தொடக்கத்தில் மின்விசை கொண்டு இயங்கி 20 பேர் வேலை செய்கிற ஆலைகளுக்கு மட்டும். 1923 சட்டம் விவசாயத்தைத் தொட்டாலும் டிராக்டர் போன்ற இயந்திரம் ஓடும் வேலையோடு நிறுத்திக்கொண்டது. அரிவாளில் விரல் போனால் அது விபத்தே அல்ல என்பது போல. தற்செயல் கூலிகளை விலக்கிய வாசகம் அந்தச் சட்டத்தில் 2000-ஆம் ஆண்டு வரை இருந்தது. நகராட்சிகளின் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களை இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவரும் நடவடிக்கையை ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் எடுத்தது 2021-ல்தான். சேரியின் உழைப்பில் பெரும்பகுதி இந்தக் கோடுகளுக்கு வெளியேதான் கிடந்தது. யாரோ உட்கார்ந்து சாதி பார்த்துப் போட்ட கோடு என்று சொல்லவில்லை. பார்க்காமலே அப்படி விழுந்தது.

மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு: பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1975. வேலையின்போது விழுந்த ஒரு தச்சரின் இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. இது பகுதி ஊனம், அட்டவணைச் சதவீதம் போதும் என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்றது நீதிமன்றம். விபத்து நடந்த நாளில் அவர் என்ன வேலை செய்யக் கூடியவராக இருந்தார் என்பதே கேள்வி. நாளைக்கு அவர் பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கக்கூடும் என்பது முதலாளியின் கடனைக் குறைக்காது.

இதை இப்போது எழுதக் காரணம் 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு. கழிவுநீர்க் குழியில் இறந்தால் 30 லட்சம். ஊனமானால் குறைந்தது 10 லட்சம். நிரந்தர ஊனமாகிப் பொருளாதார ரீதியில் நிர்க்கதியானால் குறைந்தது 20 லட்சம். தொகை உயர்ந்ததை வரவேற்கிறோம். ஆனால் அந்த 'நிர்க்கதி' என்ற சொல்லில் ஆபத்து இருக்கிறது. விஷவாயுவில் நுரையீரல் கெட்டுப் பிழைத்து வந்தவர், பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே என்று அடுத்த மாதமே துடைப்பத்தோடு தெருவுக்குப் போவார். அவர் வேலைக்குப் போகிறாரே, எங்கே நிர்க்கதி என்று அதிகாரி கேட்டால், 20 லட்சம் 10 லட்சமாகிவிடும். நூறாண்டுக்கு முன் காலனி அரசின் சட்டமே கேட்காத கேள்வி அது. இப்படிப்பட்டவர்களுக்காக மனு எழுதும் தோழர்கள், விபத்துக்கு முந்தைய வேலையையும் கூலியையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இப்போது பார்க்கிற வேலையை மறைக்க வேண்டாம். முன்பு என்ன செய்ய முடிந்தது, இப்போது அதில் எது முடியவில்லை என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி இணையுங்கள். தச்சர் வழக்கின் நகலையும் சேர்த்து வையுங்கள்.