விரும்பியதும் வேண்டியதும்: சுற்றுலாச் செயலியும் மருத்துவச் செயலியும்

ஆளுக்கேற்ற சேவை என்ற ஒரே பேச்சைத்தான் சுற்றுலாச் செயலியும் பேசுகிறது, மருத்துவச் செயலியும் பேசுகிறது. போனில் இறக்கியதும் இரண்டும் பல அனுமதிகளைக் கேட்கின்றன. ஆனால் ஆளை எப்படி அறிகின்றன, அறிந்ததை வைத்து என்ன செய்கின்றன என்று பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன.

பயணச் சேவை, நம்மைப் போன்றவர்களைப் பார்த்து நம்மை ஊகிக்கிறது. எதைத் தேடினோம், எதில் நின்று பார்த்தோம், எந்தக் கருவியிலிருந்து வந்தோம் என்பதெல்லாம் அதற்குத் துப்பு. செயலிகள் பரவத் தொடங்கிய காலத்திலேயே, 2012இல், அமெரிக்காவின் ஆர்பிட்ஸ் பயணத் தளம் பற்றி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி வெளியிட்டது. மேக் கணினி வைத்திருப்பவர்கள் விடுதிக்கு ஓரிரவுக்கு 30 சதவீதம் வரை கூடுதலாகச் செலவிடுவதைக் கண்ட நிறுவனம், அவர்களுக்கு விலை கூடிய விடுதிகளையும் காட்டத் தொடங்கியிருந்தது. ஒரே அறைக்கு இரண்டு விலை வைக்கவில்லை. கண்ணில் படுவதை மட்டும் மாற்றியது.

மருத்துவத்தில் இப்படிப்பட்ட ஊகம் போதாது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 800 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே உணவு ஒவ்வொருவர் உடலிலும் சர்க்கரையை வெவ்வேறு அளவுக்கு ஏற்றுவதைக் காட்டியது. எனவே அவரவர் உடலையேதான் கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் உடலில் ஒட்டிக்கொள்ளும் டெக்ஸ்காம் ஜி6 சென்சார் அதைத்தான் செய்கிறது. அதன் மெல்லிய இழை தோலுக்கடியில் இருந்தபடி, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தின் குளுக்கோஸை அளந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை போனுக்கு அனுப்புகிறது. நாளொன்றுக்கு 288 அளவுகள்.

இந்த சென்சாரோடு போனில் இயங்கும் செயலியில் ஓர் எச்சரிக்கை ஒலி இருக்கிறது. சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது அலறும். மற்ற எச்சரிக்கைகள் பலவற்றின் எல்லையை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்; இதை மாற்றவும் முடியாது, அணைக்கவும் முடியாது. நடுராத்திரி என்றாலும், தூக்கம் கெட்டாலும் எழுப்பும். பயணச் செயலி எதுவும் இப்படி ஒன்றை வைக்கத் துணியாது. வாடிக்கையாளருக்குப் பிடிக்க வேண்டும் என்பதே அதன் பிழைப்பு. பிடிக்காததையும் சொல்ல வேண்டியது மருத்துவச் செயலியின் கடமை.

சோதித்துப் பார்க்கும் முறையிலும் இதே வேறுபாடுதான். பயணச் செயலி பாதிப் பேருக்கு ஒரு திரையையும் மீதிப் பேருக்கு வேறொரு திரையையும் காட்டி, எதில் முன்பதிவு கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளும். மருத்துவச் செயலிக்கு அது போதாது. ஜெர்மனியில் 2020 முதல் மருத்துவர் மருந்துச்சீட்டில் செயலியை எழுதித் தருகிறார், காப்பீடு பணம் கட்டுகிறது. ஆனால் அப்படி எழுதித் தரக்கூடிய செயலிகளின் பட்டியலில் நிலைக்க, செயலியால் நோயாளிக்குப் பலன் உண்டு என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். தற்காலிகமாக இடம் பெற்றவற்றுக்கு முதலில் 12 மாத அவகாசம். விடுதி சரியில்லை என்றால் ஓர் இரவோடு போகும். இன்சுலின் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து.

இதை வைத்து மருத்துவச் செயலிகளை உத்தமர்கள் பட்டியலில் சேர்த்துவிட முடியாது. மனநல ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப், பயனர்கள் நம்பித் தந்த விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுடன் பகிர்ந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம் சாட்டியது. நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கட்டுப்பாடு தளர்ந்தால் மருத்துவச் செயலியும் விடுதி விற்கும் செயலியைப் போலவே நடந்துகொள்ளும்.

சுற்றுலாவின் தவறு பயணியோடு முடிவதும் இல்லை. பார்சலோனாவில் பார்க் குவெல் பூங்காவுக்குப் போகும் 116ஆம் எண் சிறு பேருந்தை, கூகுள் மேப்ஸ் காட்டிய வழியில் வந்த பயணிகள் நிரப்பினார்கள். அந்தப் பகுதியில் குடியிருக்கும் முதியவர்களுக்கு ஏற இடமில்லை. 2024இல் மாநகராட்சி கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தத் தடம் வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பயணிக்கும் கிடைத்தது சரியான யோசனைதான். ஆயிரம் பேருக்கும் அதையே சொன்னபோது ஊருக்குத் தொல்லையானது. மருத்துவச் செயலியின் யோசனை பெரும்பாலும் ஒருவர் உடலோடு நிற்கிறது. சுற்றுலாச் செயலியின் யோசனை பிறர் தெருவில் போய் இறங்குகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நேர்மை தொழில்நுட்பத்தில் இல்லை, அதற்கு வெளியே நிற்கும் காவலில் இருக்கிறது என்று புரிகிறது. ஜெர்மனியில் சட்டம், பார்சலோனாவில் மாநகராட்சி. மருத்துவம் அந்தக் காவலோடு வளர்ந்த துறை. சுற்றுலாவுக்கு இடைஞ்சல் முற்றிய பிறகே அது வருகிறது. பயன்படுத்தும் எளிமையில் சுற்றுலாச் செயலிகள் முன்னால் நிற்கின்றன, மருத்துவம் அதைக் கற்கலாம். ஆனால் எந்தச் செயலியை இறக்குவதற்கு முன்பும் ஒரு கேள்வி போதும்: எனக்குப் பிடிக்காததை, தனக்கு வருமானம் தராததை, இது என்றாவது சொல்லுமா?