பெரியண்ணனும் சின்னண்ணனும்: திருப்பத்தூரில் ஒரு குடும்பம்

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் நாலு தறி ஓடியது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூணு பேருக்கும் ஒரே கூரை, ஒரே உலை. எந்த விஷயமானாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். வெளியே கேட்டால், "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்போம். உண்மையில் பெரியப்பா சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நாள் முழுக்கத் தார் சுற்றிய பெண்கள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். தறிகளை விற்க முடிவான ராத்திரியும் அப்படித்தான். ரொம்ப வருஷம் கழித்து அம்மா சொன்னார்: "என்னைக் கேட்டிருந்தாலும் வித்துடலாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா யாரும் கேக்கலையே."

இது மனசில் இருந்ததால்தான் கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்னு நினைக்கிறேன்.

1921-ல் திருப்பத்தூரில் (அன்றைய வட ஆற்காடு மாவட்டம்) இரண்டு டாக்டர்கள் இதைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஜேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பேட்டனின் குடும்பம் அல்லோவா ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திய பணக்காரக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து கதர் உடுத்தினார் என்பது, நெசவுக்காரன் வீட்டில் பிறந்த எனக்குச் சும்மா தாண்டிப்போக முடியாத செய்தி.

அந்தக் காலத்து மிஷன் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்க்கணும். நம்ம ஊர் ஆண்டர்சன் பள்ளி வழியாக ஸ்காட்லாந்து மிஷன் நமக்குப் பழக்கம்தான். பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. ஆனால் பணம் கடல் தாண்டி வந்ததால், பெரும்பாலும் முடிவும் வெள்ளைக்கார மிஷனரிகள் கையில்தான் இருந்தது. இந்தியர்கள் அவர்களுக்குக் கீழே சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். ஜெபத்தில் எல்லாரும் சகோதரர், ஆபீஸில் அப்படி இல்லை.

திருப்பத்தூரில் இதைத்தான் திருப்பிப் போட்டார்கள். முழு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. தலைமை, வயதில் மூத்தவரான ஜேசுதாசனுக்கு. அவர் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். தமிழில் பொதுவாக 'உடன்பிறந்தவன்' என்று கூப்பிட ஒரு சொல் இல்லை, கவனித்திருக்கிறீர்களா? அண்ணனா தம்பியா என்று முடிவு செய்த பிறகுதான் வாயைத் திறக்கவே முடியும். சபையின் 'சகோதரர்' அந்தக் கேள்வியை மறைத்துவிடும். இவர்கள் மறைக்கவில்லை. வெள்ளையர் ஆட்சிக்காலத்தில், பணக்கார வெள்ளைக்காரர் ஒருவர் தமிழருக்குப் பின்னால் நின்றார், அதுவும் எல்லார் காதிலும் விழும்படி. 1932-ல் சென்னையில் மறியல் நடந்தபோது, கதரில் நின்ற பேட்டனைப் போலீஸ் அடித்தது. விஷயம் பிரிட்டிஷ் பார்லிமென்ட் வரை போனது.

ஆனால் இந்தக் குலத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: முழு உறுப்பினர் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. ஆண்களின் சகோதரத்துவமாகத்தான் அது அமைந்தது. காரணம் புரிகிறது. பெண்டாட்டி, பிள்ளை, அவர்கள் படிப்பு என்று வந்தால் பொதுப்பணத்தில் தன் வீட்டுக்கு எவ்வளவு என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சே வராதபடி பார்த்துக்கொண்டார்கள். குடும்பம் என்று பெயர் வைத்தார்கள், குடும்பத்தில் கஷ்டமான பாதியை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பாதியையும் உள்ளே சேர்த்தவர்கள் உண்டு. 1920-ல் ஜெர்மனியின் சான்னர்ஸ் கிராமத்தில் எபர்ஹார்ட் ஆர்னால்டும் அவர் மனைவி எம்மியும் தொடங்கிய புரூடர்ஹோஃப் அப்படிப்பட்டது. கணவன், மனைவி, குழந்தைகள் எல்லாரும் ஒன்றாக வாழ்ந்தார்கள், பணம் பொது. பெரிய விஷயங்களில் ஓட்டு கிடையாது, ஒருமனப்படும்வரை பேசணும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியாக ஒருத்தர் மட்டும் 'இல்லை' என்றால் அவர் கதி என்ன? 1960-ஐ ஒட்டி அங்கே வந்த நெருக்கடியில் நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள். கோயில் கோபுரம் மாதிரி கோபுரம் வைத்து ஜெபாலயம் கட்டிய திருப்பத்தூர்க்காரர்களுக்கு அந்தச் சோதனை வராததற்கு, வீடு வாசல் என்று யாரையும் உள்ளே விடாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். 'சேர்ந்து முடிவெடுத்தோம்' என்று யார் சொன்னாலும் இரண்டு விஷயம் பார்க்கணும். பணம் கொண்டுவந்தவர் எங்கே உட்கார்ந்தார்? அடுப்படியில் நின்றது யார்? கிறிஸ்துகுலம் முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை இன்றைக்கும் எத்தனையோ நிறுவனங்கள் சொல்லாது. இரண்டாவது கேள்வி அங்கே எழவே இல்லை.

போன மாசம் பழைய வீட்டை இடித்துக் கட்டுவது பற்றிப் பேச உட்கார்ந்தோம். லேப்டாப்பில் வரைபடம், செலவுக் கணக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். முதல்ல அம்மா பேசட்டும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "கிணத்தை மூடிடாதீங்க" என்றார். என் வரைபடத்தில் கிணறு இருந்த இடத்தில் கார் நின்றுகொண்டிருந்தது.