கண்ணிகள் காத்த கணக்கு

வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் மாணவர் நினைவுக்கு வரும். பாட்டியின் மரப்பெட்டி அடியில் மடிந்து கிடக்கும் பழைய லேஸ் விரிப்பை எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் அதுவும் ஒரு சான்றே. செய்தவர் பெயர் அதில் பொறிக்கப்படவில்லை. அவர் கையின் கணக்கு மட்டும் கண்ணி கண்ணியாக நிற்கிறது. கிழிந்த லேஸைச் செப்பனிடுவோர் அந்தக் கணக்கைப் படிக்கக் கற்றவர்கள். வரலாறு பயில்வோர் அவர்களிடம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. அதனை இன்று காண்போம்.

லேஸில் இரு வகைகளை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒன்று திண்டு லேஸ். திண்டின்மேல் மாதிரித் தாளைப் பரப்பி, குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றி முறுக்கிச் செய்வது அது. மற்றொன்று, நம் வீடுகளில் குரோஷா என வழங்குவது. ஒரே நூல், முனையில் கொக்கியுடைய ஒரே ஊசி. கண்ணிக்குள் கண்ணியை இழுத்துப் பின்ன வேண்டியதுதான்.

தென்னாட்டில் திண்டு லேஸ் வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது நாகர்கோவில். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்ட்டும் அவர் மனைவியார் மார்த்தா மால்ட்டும் 1819ஆம் ஆண்டு அங்கு வந்தனர். அந்நாளில் அவ்வூர் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. பெண் குழந்தைகளுக்கான பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னலையும் மார்த்தா அம்மையார் கற்பித்தார். மாணவியருள் அடிமைக் குடும்பங்களில் பிறந்தோரும் இருந்தனர். லேஸில் ஈட்டிய பொருளைக் கொண்டு அவர்களுள் சிலர் தம் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றனர் என மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில்தான். சட்டம் வருமுன்னே நூலிழை சிலருக்கு வழி திறந்தது எனலாம். மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். அங்கும் பெண்களுக்கு இக்கலையைப் பயிற்றுவித்தார்.

குரோஷாவின் வரலாறும் வறுமையோடு பிணைந்ததே. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும் பஞ்சம் மூண்டது. அப்போது கன்னியர் மடங்களிலும் பள்ளிகளிலும் பெண்களுக்குக் குரோஷா கற்பிக்கப்பட்டது. ஒருத்தி ரோஜாப் பூவைப் பின்னுவாள். ஒருத்தி இலையைப் பின்னுவாள். வேறொருத்தி அவற்றை வலைப்பின்னலால் இணைப்பாள். அந்த வேலையின் கூலி பல குடும்பங்களைக் காத்தது.

நம் நாட்டில் குரோஷாவுக்குப் பெயர்பெற்றது ஆந்திரத்து நரசாப்பூர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் வழியே அவ்வட்டாரத்தில் பரவிய இத்தொழிலுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இத்தொழிலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. மரியா மீஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1982இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்கினார். வீட்டிலிருந்தபடி நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்களின் உழைப்பு, ‘ஓய்வு நேரப் பொழுதுபோக்கு’ என்றே கருதப்பட்டது. ஆகவே கூலி குறைந்தது. ஊதியம் வணிகரைச் சேர்ந்தது. ஒரே கலை ஓரிடத்தில் விடுதலைக்கு விலை தந்தது. ஓரிடத்தில் உழைப்பின் விலையையே மறைத்தது.

இனிச் செப்பனிடும் முறையைப் பார்ப்போம். 1809இல் ஜான் ஹீத்கோட் லேஸ் வலை நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பலவகை லேஸ்கள் ஆலைக்குச் சென்றன. குரோஷாவின் சாயலை இயந்திரம் தரும். உண்மையான குரோஷாவை இன்றும் கையே பின்ன வேண்டும். எனவே கையே அதனைச் செப்பனிடவும் வேண்டும்.

எங்கள் வள்ளூர், எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்துக் கடற்காற்று ஈரமும் உப்பும் நிறைந்தது. பருத்தி நூலில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். இரும்புக் குண்டூசி துருக்கறை விடும். கஞ்சிப் பசை பூச்சிகளை அழைக்கும். ஆதலின் பழைய லேஸைக் கஞ்சி போடாமல், நன்கு உலர்த்தி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி வைப்பதே நன்று. மடித்தால் மடிப்பில் இழை அறும். சலவை செய்யும்போது வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பிட்டு, முறுக்கிப் பிழியாமல், தட்டையாகப் பரப்பி உலர்த்த வேண்டும்.

இழை அறுந்த இடத்தில் உடனே ஊசியை எடுக்கலாகாது. தவித்து நிற்கும் கண்ணிகளை வேற்று நிற நூலில் கோத்து, மேலும் அவிழாமல் காக்க வேண்டும். பின்னர்ச் சிதையாத பகுதி ஒன்றைத் தேர்ந்து, வரிசைக்கு எத்தனை சங்கிலிக் கண்ணி, எத்தனை தூண் கண்ணி என எண்ணிக் கட்டத்தாளில் குறிக்க வேண்டும். அதே தடிப்புள்ள நூலையும் அதே அளவு ஊசியையும் தேடிய பின்னரே பின்னல் தொடங்கும். புதிய இழையைத் தேயிலைச் சாற்றில் நனைத்துப் பழையதுபோல் காட்டுவோர் உண்டு. அச்சாறு நாளடைவில் நூலை நலிவிக்கும். நிறம் சற்று வேறுபட்டாலும் குற்றமில்லை. விரிப்பு முற்றும் சிதைந்திருப்பின், அக்கட்டத்தாளைக் கொண்டே புதியதொன்று பின்னலாம். பழையதை எறியாமல் உடன் வைக்க வேண்டும். எந்தப் பகுதி என்று யாரால் சேர்க்கப்பட்டது என்று ஒரு சீட்டும் எழுதிச் சேர்ப்பது நலம்.

மாணவர்களே, வரலாறு எழுதுவோர்க்கும் இதுவே நெறி. எஞ்சி நிற்பதை முதலில் எண்ணுங்கள். இடைவெளியை அருகிலுள்ள சான்றைக் கொண்டு நிரப்புங்கள். நிரப்பியதைப் பழையது என்று காட்டாதீர்கள். நாகர்கோவில் பள்ளியில் பின்னிய சிறுமியர் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுக்குப் பெயர் புனைவது நம் வேலையன்று. அவர்கள் இட்ட கண்ணிகளைப் பிழையின்றி எண்ணி, அறாமல் காத்து, அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே நம் கடமை. உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு லேஸ் இருந்தால், அதைப் பின்னியவர் யார் என்று மூத்தோரை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.